உள்ளங்கையில் ஒரு சிட்டிகை உப்பு

எல்லோரும் வந்தாயிற்றா? கிட்ட வந்து உட்காருங்கள். செருப்பை அங்கேயே கழற்றிப் போடுங்கள், யாரும் எடுக்க மாட்டார்கள். எடுப்பார்கள் என்று நினைக்கிறவர் மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள், எனக்கு ஒரு நட்டமும் இல்லை. இன்றைக்கு நான் சொல்லப்போகிற கதையே உங்களைப் போன்றவர்களைப் பற்றியதுதான்.

வெகு காலத்துக்கு முன்னால், மலையில் பிறந்தவன் கடலைக் கண்ணால் பார்க்காமலே செத்துப்போன காலத்தில், உப்பு வணிகர் கூட்டம் ஒன்று இருந்தது. கடற்கரையில் உப்பை அள்ளி, பனையோலைப் பைகளில் பொதியாகக் கட்டி, காளைகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு அவர்கள் நடப்பார்கள். காடு தாண்டி, மேடு தாண்டி, ஆறு தாண்டி மலைக்குப் போவார்கள். அங்கே உப்பைக் கொடுத்துவிட்டுத் தினையை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். வருஷம் முழுக்க இதே வேலை, இதே வழி.

கூட்டத்துக்குத் தலைவர் சடையப்பன். நெடுநெடுவென்று உயரமான ஆள், பேச்சு குறைவு. தாய் தகப்பன் இல்லாத தன் தங்கை மகன்கள் இரண்டு பேரையும் அவர்தான் தூக்கி வளர்த்தார். மூத்தவன் போன வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அவன் மனைவி வெள்ளச்சி அழுது முடித்தாள், எழுந்தாள், புருஷன் விட்டுப்போன செம்பன், மயிலை என்ற இரண்டு காளைகளையும் தானே ஓட்டிக்கொண்டு கூட்டத்தோடு வந்தாள். இளையவன் இருளாண்டி. நல்ல உழைப்பாளி, ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது.

இன்னொருத்தன் பேரையும் சொல்லிவிடுகிறேன். தவசி. பல்லி கத்தினால் பலன் சொல்வான், ஆந்தை கத்தினால் பலன் சொல்வான், ஒன்றும் கத்தாவிட்டால் அதற்கும் ஒரு பலன் சொல்வான். மற்றவர்கள் பேர் உங்களுக்கு வேண்டாம். சொன்னாலும் வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுவீர்கள்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்ததும் நடையை நிறுத்துவார்கள். பொதியை இறக்குவார்கள். காளையின் முதுகைத் தேய்த்துவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொருவரும் இடுப்பிலிருக்கிற சின்னப் பையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் தங்கள் காளைக்கு நீட்டுவார்கள். காளை நக்கிக்கொண்டிருக்கும்போது, தங்கள் ஊர் அம்மன் இருக்கிற கடல் திசையைப் பார்த்து, "இன்னைக்கு நடந்தோம் தாயே, நாளைக்கும் நடத்து" என்பார்கள். அவ்வளவுதான் பூசை. மணி கிடையாது, சூடம் கிடையாது. அது முடிந்த பிறகுதான் எல்லோருக்குமாக ஒரே பானையில் கஞ்சி காய்ச்சிக் குடிப்பார்கள்.

பாட்டன் காலத்திலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. ஏன் தவறியதில்லை என்றால், ஒரு நாளும் அவர்கள் நடக்காமல் இருந்ததில்லை.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. காட்டாற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்கள், ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. சரி, திரும்பலாம் என்று பார்த்தால், பின்னால் காலையில் தாண்டி வந்த ஓடையும் ஆறாகிவிட்டது. முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது. நல்லவேளையாகக் கரைமேல் பெரிய பாறைக்குகை ஒன்று இருந்தது. உள்ளே மனிதர்கள் ஒதுங்கினார்கள். குகை வாய்க்குப் பக்கத்தில், சாரல் படாத இடத்தில் கல்லை அடுக்கி அதன்மேல் பொதிகளை ஏற்றி, ஓலைப்பாயால் மூடினார்கள். அதை ஒட்டி நீட்டிக்கொண்டிருந்த பாறைக்கடியில் காளைகளை நிறுத்தினார்கள். பழகிய மாடுகள், கட்டுவது வழக்கமில்லை.

நாளைக்கு ஆறு இறங்கிவிடும் என்றார்கள். நாளைக்கும் இறங்கவில்லை. அதற்கு மறுநாளும் இறங்கவில்லை. அப்புறம் யாரும் நாளை எண்ணவில்லை, நானும் எண்ணப்போவதில்லை.

முதலில் விடியலில் எழுவது போயிற்று. எழுந்து எங்கே போக? பிறகு ஒரே பானைக் கஞ்சி போயிற்று. பசித்தவன் பசித்தபோது தனித்தனிச் சட்டியில் காய்ச்சிக் குடித்தான். கடைசியில் உள்ளங்கை உப்பு போயிற்று.

அதை நிறுத்தியது வேறு யாரும் இல்லை, சடையப்பன்தான். நாம் நடக்கவே இல்லை, நடந்தோம் என்று சொல்லி அம்மனிடமே பொய் சொல்வதா என்று கேட்டார். நியாயமாகத்தானே இருக்கிறது? எனக்குக்கூட நியாயமாகத்தான் படுகிறது. தவசி தலையை ஆட்டினான். நடக்கிற மாட்டுக்குத்தான் உப்பு, சும்மா நிற்கிற மாட்டுக்கு எதற்கு என்றான் இருளாண்டி. பொழுது சாய்ந்ததும் எல்லோரும் குகைக்குள் ஆழமாகப் போய் நெருப்பைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள்.

வெள்ளச்சி மட்டும் வெளியே நின்றாள். அவளுக்கும் அன்றைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேலை இல்லாத கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கை சும்மா இருந்ததும் மனசு புறப்பட்டுவிட்டது. செத்துப்போன புருஷனிடம் போயிற்று. ஆறு இறங்காமலே போனால் என்ன ஆகும் என்று போயிற்று. இந்தக் கூட்டம் இன்னும் எத்தனை நாளைக்குத் தன்னை வைத்துக்கொள்ளும் என்று போயிற்று. அவளுக்கு மூச்சு முட்டியது. பயந்துபோனாள்.

அப்போது செம்பன் வழக்கம்போல வந்து மூக்கால் அவள் கையை முட்டியது. அதற்கு ஆறு தெரியுமா, மழை தெரியுமா? பொழுது சாய்ந்தது தெரியும். வெள்ளச்சி இடுப்புப் பையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்தாள். செம்பனுக்கு நீட்டினாள். மயிலைக்கு நீட்டினாள். கடல் திசையைப் பார்த்து நின்றாள். நடந்தோம் என்று சொல்ல வாய் வரவில்லை. கொஞ்சம் யோசித்தாள். அப்புறம், "இன்னைக்கு இருந்தோம் தாயே, நாளைக்கும் இருத்து" என்றாள்.

சொன்னதும் மூச்சு சீராக வந்தது. அதிலிருந்து தினமும் பொழுது சாய அதையே செய்தாள். பொதி உப்பு விற்பதற்கு, அதில் யாரும் கைவைப்பதில்லை. பையிலிருந்த உப்பு தீர்ந்துவிடக் கூடாதே என்று, தன் கஞ்சியில் உப்புப் போடுவதை நிறுத்திவிட்டாள்.

இனிமேல்தான் கதை. தூங்குகிறவர்களை எழுப்பிவிடுங்கள்.

ஒரு நாள் காலையில் சடையப்பன் பாயைத் தூக்கிப் பார்த்தார். கீழ்வரிசைப் பொதி ஒன்றின் மூலை தொங்கிப்போயிருந்தது. ஓலை நைந்து ஓட்டை விழுந்து, உள்ளே உப்பு குறைந்திருந்தது. எலி என்றார்கள். உப்பை எந்த எலி தின்னும் என்று ஒருவன் கேட்டதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஓட்டையைச் சுற்றி ஈரமாக இருந்தது. மழைதானே, சாரல் அடித்திருக்கும் என்று அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பாயின் மேலே காய்ந்து கிடக்கிறதே, கீழே மட்டும் எப்படிச் சாரல் அடிக்கும் என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. அவர்கள் உப்பைப் பார்க்கவே இல்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் இன்னொரு பொதி. அதற்கு மறுநாள் இன்னொன்று.

முதலில் தவசியைச் சந்தேகப்பட்டார்கள். பொதிக்குப் பக்கத்தில் படுக்கிறவன் அவன்தான், திருடன் வந்தால் சொல்லாத பல்லி என்ன பல்லி என்றார்கள். தவசி தன் துணிமணியை எல்லாம் உதறிக் காட்டினான், ஒன்றும் இல்லை.

அடுத்துச் சடையப்பனையே சந்தேகப்பட்டார்கள். வாய்விட்டுச் சொல்லவில்லை, தலைவர் அல்லவா? அவர் பக்கத்தில் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள், போனால் தொடங்கினார்கள். காட்டில் இருக்கிற வழிப்பறிக்காரர்களுக்கு உப்பைக் கொடுத்து, தன் தலையை மட்டும் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறாரோ என்று கிசுகிசுத்தார்கள். அவரவர் கஞ்சிச் சட்டியை அவரவர் மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். அடுத்தவன் சட்டியிலிருந்து ஒரு வாய் வாங்கிக் குடிக்க ஆளில்லை. எதைக் கலந்திருக்கிறானோ, யார் கண்டது?

மூன்றாவதாக வெள்ளச்சியைச் சந்தேகப்பட்டார்கள். இந்தத் தடவை சந்தேகம் நன்றாக ஒட்டிக்கொண்டது. எல்லோரும் உள்ளே இருக்கும்போது அவள் ஒருத்தி மட்டும் ஏன் வெளியே நிற்கிறாள்? பொதி இருக்கிற பக்கமாகவே ஏன் நிற்கிறாள்? கையில் உப்பு வைத்திருக்கிறாள். கடல் பக்கம் பார்த்து யாருக்கோ ஏதோ சொல்கிறாள். பூசையைத்தான் தலைவர் நிறுத்தச் சொல்லிவிட்டாரே, அப்புறம் அவள் சொல்வது என்ன?

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று இருளாண்டி காவலுக்குப் போனான். அவனுடைய காளைக்குப் பேர் கூழைவாலன். வால் குட்டை, உடம்பு மலை. குளிருக்கு இதமாக இருக்கும் என்று, பொதிக்குப் பக்கத்தில் நின்ற கூழைவாலன் விலாவில் சாய்ந்துகொண்டு, வெள்ளச்சியைக் கண்கொட்டாமல் பார்த்தான். அவள் தன் மாடுகளுக்கு உப்புக் கொடுத்ததைப் பார்த்தான். முணுமுணுத்ததைப் பார்த்தான். உள்ளே போனதைப் பார்த்தான். அவன் முதுகுக்குப் பின்னால் சரக், சரக் என்று ஏதோ சத்தம் வந்தது. மாடு அசை போடுகிறது என்று நினைத்துக்கொண்டான். காலையில் பார்த்தால் அவன் நின்ற இடத்துக்கு நேர் பின்னால் இருந்த பொதியில் ஓட்டை!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களுக்கு நான் சத்தத்தைச் சொல்லிவிட்டேன், அதனால் சிரிக்கிறீர்கள். அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் நீங்களும் மனுஷியைத்தான் பார்த்திருப்பீர்கள்.

இருளாண்டிக்கு வெறி வந்துவிட்டது. என் கண் முன்னாலேயே எடுத்திருக்கிறாள் என்றால் இது மந்திரம்தான் என்றான். தவசிக்குத் தன்மேல் இருந்த பழி தீர்ந்தால் போதும், ஆமாம் ஆமாம் என்றான். எல்லோரும் சடையப்பன் முன்னால் வெள்ளச்சியை நிறுத்தினார்கள்.

அவள் இடுப்புப் பையை வாங்கிப் பார்த்தார்கள். அடியில் கொஞ்சம் உப்பு இருந்தது. அதுவே போதுமாக இருந்தது அவர்களுக்கு.

"எங்க பையெல்லாம் எப்பவோ தீர்ந்துபோச்சு மதனி. கஞ்சிக்குப் போட்டே தீர்ந்துபோச்சு. தினமும் ரெண்டு மாட்டுக்குக் கொடுக்கிற உன் பை மட்டும் எப்படித் தீராம இருக்கு?" என்று கேட்டான் இருளாண்டி.

"நான் கஞ்சிக்கு உப்புப் போடறதில்லை" என்றாள் வெள்ளச்சி.

எல்லோரும் சிரித்தார்கள். உப்பு விற்கிறவள் உப்பில்லாத கஞ்சி குடிக்கிறாளாம், யாரிடம் காது குத்துகிறாள் என்றார்கள். வேண்டுமானால் குடித்துப் பாருங்கள் என்று அவள் சட்டியை நீட்டினாள். ஒருத்தரும் கை நீட்டவில்லை. அதில் என்ன இருக்கிறதோ என்று பின்வாங்கினார்கள். ஒரே பானையில் குடித்த காலமாக இருந்தால் அந்த ஒரு வாயிலேயே கதை முடிந்திருக்கும்.

சடையப்பன் தீர்ப்புச் சொன்னார். ஆறு இறங்கியதும் கூட்டம் அக்கரைக்குப் போகும். வெள்ளச்சி இந்தக் கரையிலேயே இருக்க வேண்டும். அவள் மாடு அவளுக்கு, அவள் பொதி கூட்டத்துக்கு.

கேட்பதற்குச் சின்னத் தண்டனை மாதிரி இருக்கிறது. அந்தக் காட்டில் கூட்டத்தை விட்டுத் தனியாக நின்றவர் எவரும் ஊர் திரும்பியதில்லை. ஒன்று புலி, இல்லாவிட்டால் கள்ளர். அது சடையப்பனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்தது. வெள்ளச்சி பாறையோரத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க மனம் வரவில்லை. இந்தச் சிட்டிகை உப்புதானே தன்னைக் கொல்லப்போகிறது, இதைத் தூக்கி ஆற்றில் போட்டால் என்ன என்று தோன்றியது. அவள் மனசும் மற்றவர்கள் மனசு போன வழியில் போகத் தொடங்கியது. இருளாண்டி பக்கத்தில் நின்றபோதுதானே ஓட்டை விழுந்தது? அவனே எடுத்துவிட்டு என்மேல் போடுகிறான். அண்ணன் போனதும் அண்ணன் மாட்டின்மேல் அவனுக்குக் கண். போய்ச் சொல்லிவிட வேண்டும், எல்லோர் முன்னாலும் கத்திச் சொல்லிவிட வேண்டும். சொல்லியிருந்தால் அவர்கள் நம்பியும் இருப்பார்கள். அன்றைக்கு அவர்கள் யாரைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்பத் தயாராக இருந்தார்கள்.

அவள் எழுந்தேவிட்டாள். நாலு எட்டு வைத்திருப்பாள். செம்பன் வந்து கையை முட்டியது.

என்ன செய்வாள்? காளை காத்துக்கொண்டு நிற்கிறது. கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டு பையில் கைவிட்டாள். செம்பனுக்குக் கொடுத்தாள். மயிலைக்குக் கொடுத்தாள். கடலைப் பார்த்து, இன்றைக்கு இருந்தோம் தாயே, நாளைக்கும் இருத்து என்றாள். சொல்லி முடித்தபோது அழுகை வந்தது. அழுதாள். அழுது ஓய்ந்தபோது மனசு தன் இடத்துக்குத் திரும்பி வந்திருந்தது.

மனசு இடத்துக்கு வந்ததும் கண்ணும் வேலை செய்யத் தொடங்கியது. கூழைவாலன் அவளைக் கடந்து போயிற்று. போகிற போக்கில் பழைய பழக்கத்தில் அவள் கையை ஒரு தடவை நக்கியது. நாக்கு நறநறவென்று இருந்தது. கையைப் பார்த்தாள், செம்பனும் மயிலையும் சுத்தமாக நக்கிவிட்ட கையில் புதிதாக உப்புப் பரல். மாட்டின் மூக்கைச் சுற்றி வெள்ளையாகக் கோடு கட்டியிருந்தது. அது நேராக ஆற்றோரம் இறங்கி, மடமடவென்று தண்ணீர் குடித்தது. வெள்ளச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் கொட்டுகிற மழையில் கொஞ்ச நாளாகவே எல்லா மாடும் ஓடி ஓடித் தண்ணீர் குடிக்கின்றன. செம்பனும் மயிலையும் மட்டும் அப்படிக் குடிப்பதில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு பயமும் வந்தது. மாடுதான் திருடன் என்று போய்ச் சொன்னால் நம்புவார்களா? வாயில்லாத ஜீவன்மேல் பழி போடுகிறாள் என்பார்கள். கூழைவாலன் பேரைச் சொன்னால், இருளாண்டியைச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஒன்றும் சொல்லாமல் சடையப்பனிடம் போய்க் கும்பிட்டாள்.

"மாமா, விட்டுட்டுப் போறதுன்னா போங்க. ஒரே ஒரு பொழுது எனக்காக இருங்க. நாளைக்குப் பொழுது சாயற நேரம் நான் சொல்ற மாதிரி எல்லாரும் உட்காரணும். அவ்வளவுதான்."

மறுநாள் காலையில் மழை நின்றுவிட்டது. மத்தியானத்துக்குள் ஆறும் இறங்கிவிட்டது. இப்போதே கிளம்பலாம், அவள் ஏதோ தந்திரம் வைத்திருக்கிறாள் என்று இருளாண்டி அவசரப்படுத்தினான். திரும்ப மழை வந்தால் என்ன செய்வது என்று தவசி வானத்தைக் காட்டினான். எல்லோரும் பொதியைத் தூக்கத் தயாராக நின்றார்கள். சடையப்பன் அக்கரையைப் பார்த்தார், வெள்ளச்சியைப் பார்த்தார். செத்துப்போன மூத்தவன் முகம் அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு பொழுதுதானே, இருப்போம் என்று உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாய்கிற நேரம் வந்தது. பொதிகள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, கொஞ்ச தூரத்தில் எல்லோரையும் வட்டமாக உட்காரச் சொன்னாள் வெள்ளச்சி. ஒவ்வொருவரும் தான் யாரைச் சந்தேகப்படுகிறாரோ அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றாள். பிடித்த பிறகு யாரும் எழுந்திருக்கக் கூடாது, யாரும் பேசக் கூடாது.

இரண்டு கை போதாதே என்று தவசி முணுமுணுத்தான். நெருங்கி உட்கார்ந்தார்கள், ஆளுக்கு ஆள் பிடித்துக்கொண்டார்கள். சடையப்பன் தன் மேல்துண்டால் வெள்ளச்சியின் கையைத் தன் வலக்கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அப்போது அவருடைய இடக்கையை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தார்.

இருளாண்டி.

தான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவனும் தன்னைச் சந்தேகப்பட்டிருக்கிறான் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இருளாண்டியும் பிடியை விடவில்லை. ஆனால் மாமன் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

வெளிச்சம் மங்கியது. எல்லா மனிதர்களும் ஒருவர் பிடியில் ஒருவர் இருந்தார்கள். எல்லாக் கண்களும் பொதியின்மேல் இருந்தன. பொதிப் பக்கம் போக அந்தக் காட்டில் ஒரு கைகூட மிச்சமில்லை.

முதலில் கூழைவாலன் வந்தது. மெதுவாக, அவசரமில்லாமல், சொந்த வீட்டுக்குள் போகிற மாதிரி வந்தது. மூக்கால் ஓலைப்பாயைத் தூக்கியது. பொதியின் மூலையை நக்கியது. சரக், சரக். பிறகு இன்னொரு காளை வந்தது. பிறகு இன்னொன்று. சிறிது நேரத்தில் எல்லாக் காளைகளும் வரிசையாக நின்று பொதிகளை நக்கின. பொழுது சாய்ந்தால் உப்பு என்று பிறந்ததிலிருந்து பழகியவை. கொடுக்கிற கை வரவில்லை, தாங்களே எடுத்துக்கொண்டன.

செம்பனும் மயிலையும் மட்டும் அங்கே போகவில்லை. வெள்ளச்சி தினமும் நிற்கிற இடத்தில் போய் நின்றுகொண்டு, அவளைத் தேடிச் சுற்றும்முற்றும் பார்த்தன.

சரக், சரக் என்ற சத்தம் மட்டும் கேட்டது. இருளாண்டிக்கு அந்தச் சத்தம் தெரியும். காவல் நின்றபோது கேட்ட சத்தம். அவன் தோள் குலுங்கியது. ஆனால் மாமன் கையை விடவில்லை. சடையப்பன் தன் கையைத் திருப்பி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வட்டத்தில் அப்படியே ஒவ்வொரு பிடியாகத் தளர்ந்தது. தளர்ந்தும் ஒருவரும் கையை எடுக்கவில்லை.

சடையப்பன் துண்டை அவிழ்த்தார். அவிழ்த்தபடியே, "உப்பைத் தின்னது மாடு. தின்ன வச்சது நான்தான்" என்றார்.

இருளாண்டி வெள்ளச்சி முன்னால் வந்து நின்றான். வாய்க்குப் பூட்டில்லாதவனுக்கு வாய் திறக்கவில்லை. மதனி என்று ஒரு வார்த்தை சொன்னான், அதற்குமேல் வரவில்லை. தன் காளைக்கு இனிமேலாவது கையால் கொடுக்கலாம் என்று நினைத்தானோ என்னவோ, உப்புக்காக அவளிடம் உள்ளங்கையை நீட்டினான்.

"இன்னைக்கு அதுங்க வேணுங்கிற மட்டும் தின்னாச்சு. போய்த் தண்ணி காட்டு" என்றாள் வெள்ளச்சி. "நாளைக்குப் பொழுது சாய மறக்காதே."

அவளிடம் மன்னிப்புக் கேட்டார்களா என்று கேட்கிறீர்களா? கேட்டார்கள். மன்னித்தாளா? உடனே இல்லை. அவளும் மனுஷிதானே! செத்துப்போ என்று விட்டுப்போகப் பார்த்தவர்களை ஒரே மூச்சில் மன்னிக்க அவள் என்ன சாமியா? அவள் செம்பனிடமும் மயிலையிடமும் போனாள். உள்ளங்கையை நீட்டினாள். அவை நக்கின. இன்றைக்கு இருந்தோம் தாயே என்றாள். அவளுக்குப் பின்னால், நாளைக்கும் இருத்து என்று பல குரல் சேர்ந்து கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் முகம் கொஞ்சம் இளகியது.

அப்புறம் சடையப்பன் அவள் கஞ்சிச் சட்டியைத் தானே எடுத்து ஒரு வாய் குடித்தார். உப்பில்லை. இரண்டாவது வாய் குடித்தார். உப்பில்லை. மூன்றாவது வாய் அவருக்கு இறங்கவில்லை. எல்லோருடைய சட்டியையும் கொண்டுவரச் சொன்னார். பெரிய பானையில் எல்லாவற்றையும் கொட்டிக் கலக்கினார்கள். எவன் சட்டியில் எது இருந்ததோ, எல்லோரும் குடித்தார்கள்.

விடிவதற்கு முன்பே எழுந்தார்கள். காளைகளின்மேல் பொதியை ஏற்றி ஆற்றைத் தாண்டினார்கள். வெள்ளச்சியை நடுவில் விட்டு, முன்னே சடையப்பனும் பின்னே இருளாண்டியும் நடந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அக்கரைக் காட்டில் பொதியை இறக்கி, ஓட்டை விழுந்த பொதியிலிருந்து எடுத்த ஆளுக்கொரு சிட்டிகை உப்போடு நின்றபோது, நடந்தோம் என்று சொல்வதா, இருந்தோம் என்று சொல்வதா என்று தவசி கேட்டான். சடையப்பன் வெள்ளச்சியைப் பார்த்தார். எதைச் சொன்னாலும் சரிதான், கையை நீட்டுங்கள் முதலில் என்றாள் அவள். அதற்கப்புறம் மழை வந்த வருஷமும் உண்டு, ஆறு மறித்த வருஷமும் உண்டு, அந்தக் கூட்டத்தில் உப்பு திருடுபோன வருஷம் மட்டும் இல்லை.

நான் கண்டதும் இல்லை, கொண்டதும் இல்லை, கேட்டதைச் சொல்லிவிட்டேன். எழுந்திருங்கள். செருப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கிறவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், நாய் இழுத்துக்கொண்டு போயிருக்கிறதா என்று பாருங்கள். போவதற்கு முன் இந்த ஒன்றை மட்டும் மடியில் முடிந்துகொள்ளுங்கள்.

நாளும் பொழுதும் நிலைகுலைந்து போகும்போது அன்றாடக் கடமைகளில் சின்னதாக ஒன்றையாவது விடாமல் செய்கிறவருக்கு மனசு தன் இடத்தில் இருக்கும், அதையும் விட்டவர் மனசில் சந்தேகம் வந்து குடியேறிவிடும்.